வெளிநாட்டுப் படக்குழு வந்தால் நமக்கு என்ன கிடைக்கும்? திரைப்பட ஆணையம் பற்றி ஒரு பதில்

கொட்டாஞ்சேனையில் இருந்து குறும்படம் எடுக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "பூசானில் ஃபிலிம் கமிஷன், பெல்ஃபாஸ்டில் ஃபிலிம் கமிஷன் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். அது உண்மையில் என்ன வேலை செய்கிறது? வெளிநாட்டுக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவதால், நான் எடுக்கப்போகும் தமிழ்ப் படத்துக்கு என்ன கிடைக்கும்?"

இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் படப்பிடிப்புக்கு இடம் பார்ப்பதும் அனுமதி எடுப்பதும்தான் என் தொழில். இந்தக் கேள்வி எனக்கும் நெருக்கமானது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கமிஷன் என்பதைத்தான் தமிழில் ஆணையம், ஆணைக்குழு என்கிறோம். நம் நாட்டில் ஆணைக்குழு என்றாலே விசாரணை ஆணைக்குழுதான் ஞாபகத்துக்கு வரும். இது அந்த வகை இல்லை. தணிக்கை செய்யும் இடமும் இல்லை. அந்த வேலை இங்கே பொது அரங்காற்றுகைச் சபையிடம் இருக்கிறது. ஒரு நகரத்துக்கோ மாகாணத்துக்கோ யார் படம் எடுக்க வந்தாலும், வந்தவர்களுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லும் அலுவலகம் அது. அமெரிக்க மாநிலங்கள் 1960களின் கடைசியில் இப்படியான அலுவலகங்களைத் தொடங்கின. 1975 இல் அவர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமும் வந்துவிட்டது. நம் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனமும் கிட்டத்தட்ட அதே காலத்துப் பிள்ளைதான்: 1971 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் என்ற பெயரில் 1972 இல் தொடங்கியது. ஆனால் அது பிறந்த காரணம் வேறு. படங்களை இறக்குமதி செய்வது, விநியோகிப்பது, உள்ளூர்த் தயாரிப்பாளருக்குக் கடன் கொடுப்பது என்று அதற்கு அப்போதே தலைக்கு மேல் வேலை. வெளிநாட்டுக் குழுக்களுக்கு அனுமதி எடுத்துக் கொடுக்கும் வேலை பல வேலைகளில் ஒன்றாக வந்து சேர்ந்தது. திரைப்பட ஆணையத்துக்கு அது மட்டும்தான் வேலை. வித்தியாசம் இதில் இருக்கிறது.

அது ஏன் பெரிய வித்தியாசம் என்பதை ஒரு காலைப்பொழுதை வைத்துச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர், ஒரு குறும்படத்துக்காகச் செட்டியார் தெருவில் விடியற்காலைக் காட்சி எடுக்கப் போனோம். நகைக்கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே போகிற நேரம். கடைப் பெடியன் வாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டிவிட்டு உள்ளே போவான். குறுக்கு ஒழுங்கைகளால் சாய்வாக வருகிற வெளிச்சத்தில் அந்தப் புகை அப்படியே நிற்கும். அந்த வெளிச்சம் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதற்காகத்தான் மூன்று நாள் முன்னதாகவே போய்ப் பார்த்து, ஆறு மணிக்குக் கமராவை நிறுத்தியிருந்தோம்.

ஆறேகாலுக்கு ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு, "இதில் ஒன்பது மணியிலிருந்து என்றுதானே போட்டிருக்கிறது?" என்றார். நாங்கள் ஆங்கிலத்தில் கொடுத்த விண்ணப்பத்தில் ஆறு மணி. சிங்களத்தில் வந்த கடிதத்தில் ஒன்பது மணி. கடிதம் முதல் நாள் பின்னேரம்தான் கைக்கு வந்தது. எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். அலுவலக எழுத்தை ஓட்டமாக வாசிக்க வராது. திகதியையும் தெருவின் பெயரையும் சரிபார்த்துவிட்டு மடித்து வைத்திருந்தேன். கடிதம் தந்த அலுவலகத்தில் எட்டரைக்கு முன்னர் தொலைபேசி எடுக்க ஆள் இல்லை. உத்தியோகத்தரையும் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருக்கும் தாளில் ஒன்பது மணி என்றுதான் இருக்கிறது.

ஒன்பது மணிக்கு நாங்கள் முழு அனுமதியோடு அந்தத் தெருவில் நின்றோம். லொறிகள் வந்துவிட்டன, சுமை தூக்கும் நாட்டாமைமார் வண்டி தள்ளிக்கொண்டு போகிறார்கள், வெயில் தலைக்கு மேல். அன்றைய கமரா வாடகை, பதினான்கு பேருக்கான சாப்பாடு, வங்கியில் லீவு போட்டுவிட்டு வந்த நடிகையின் நாள் எல்லாம் போயிற்று. அந்தக் காட்சி இல்லாமலேயே படம் முடிந்தது. இயக்குநர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் படம் எடுக்கவில்லை.

ஆணையம் இருக்கும் ஊரில் இப்படி நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடந்தால், ஆறு இருபதுக்கு அழைக்க ஒரு இலக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் தூக்கத்தில் இருந்து எழுந்தாவது ஒருவர் பேசுவார். அவர் அந்தப் பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரியோடு முன்னரே பழகியிருப்பார், ஐந்து நிமிடத்தில் சரிசெய்வார். என் கணக்கில் திரைப்பட ஆணையத்தின் முதல் சொத்து அந்தத் தொலைபேசிதான். பணச் சலுகை, விளம்பரம், வெளிநாட்டு விழாக்களில் கூடாரம் எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

கொழும்பில் ஒரு முழுநீளப் படத்துக்கு எத்தனை கதவு தட்ட வேண்டும் என்று பாருங்கள். உள் ஒழுங்கை மாநகர சபையினுடையது. காலி வீதி போன்ற பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். கோட்டை நிலையத்தில் ஒரு வழியனுப்பும் காட்சி வேண்டுமென்றால் புகையிரதத் திணைக்களம். பழைய கட்டடம் பாதுகாக்கப்பட்டதாக இருந்தால் தொல்பொருள் திணைக்களம். கடற்கரையில் செட் போட்டால் கரையோரம் பேணல் திணைக்களம். ட்ரோன் பறக்கவிட்டால் சிவில் விமான சேவைகள் அதிகார சபை, அதோடு பாதுகாப்பு அமைச்சு. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கட்டணம், தனிப் பதில் நாள். பெரிய வெளிநாட்டுக் குழுவுக்கு இது பெரிய தலையிடி இல்லை. அவர்கள் இங்கே படப்பிடிப்பின் அன்றாட ஏற்பாடுகளைப் பார்க்க ஒரு லைன் புரொடியூசரை வைத்துக்கொள்வார்கள், அவர் நான்கு பேரை வைத்து ஓடித்திரிவார். ஓட ஆள் இல்லாத உங்களைப் போன்றவர்கள்தான் இதில் அடிபடுகிறார்கள். ஆகவே ஒரே சாளரத்தில் எல்லா அனுமதியும் என்ற ஏற்பாடு வெளிநாட்டுக்காரருக்காகப் போடப்பட்டாலும், அதிகம் பலன் பெறுகிறவர் உள்ளூர்ச் சிறு படக்காரர். இதை இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பூசானைக் கேட்டீர்கள். தென்கொரியாவில் முதன்முதலாக 1999 இல் ஆணையம் அமைத்த ஊர் அது. அதற்கு மூன்று வருடம் முன்னர், 1996 இல், அங்கே திரைப்பட விழா தொடங்கியிருந்தது. விழாவுக்கு வந்தவர்கள் ஊரைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் படம் எடுக்கக் கேட்டார்கள். கேட்டபோது பதில் சொல்ல ஒரு அலுவலகம் இருந்தது. 2017 மார்ச்சில் மார்வெலின் 'பிளாக் பேந்தர்' படத்துக்காக ஜகல்ச்சி மீன்சந்தைப் பக்கத்திலும் குவாங்கான் பாலத்திலும் இரவில் போக்குவரத்தை நிறுத்திக் கார்த் துரத்தல் எடுத்தார்கள். நம் பேலியகொடை மீன்சந்தைக்குப் போகிற வீதியை இரவில் மூடுவதாக நினைத்துப் பாருங்கள். மீன் வண்டி எந்த வழியால் போகும், அன்றைய வியாபாரத்துக்கு யார் பொறுப்பு, அம்புலன்ஸ் வந்தால் யார் தடுப்பைத் திறப்பது என்று ஒவ்வொன்றும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட வேண்டும். அந்தப் பேச்சை வெளியூர்க் குழு பேச முடியாது. ஊர்க்காரர் பேச வேண்டும்.

அடுத்து, இடங்களின் படத்தொகுப்பு. வெளியில் இருந்து பார்த்தால் ஏதோ ஆல்பம் மாதிரித் தெரியும். நல்ல ஆணையத்தின் தொகுப்பில் அழகான படம் குறைவு, பயனுள்ள தகவல் அதிகம். காலையில் வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது, ஜெனரேட்டர் வண்டியை எங்கே விடலாம், பாங்கு சொல்லும் நேரம், கோயில் மணி, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பக்கத்தில் எத்தனை வீடு, கழிப்பறை எங்கே, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா. பொரளையில் ஒரு பழைய வீடு தேடும் இயக்குநருக்கு இது ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். அப்புறம் இன்னொரு பயனும் உண்டு. கொம்பனித்தெருவின் பழைய கடைவரிசைகள் பல இன்று இல்லை; நான் இடம் பார்க்கப் போய்ப் படம் பிடித்து வைத்தவைதான் சிலவற்றுக்கு மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கோப்புகளை இப்போது கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்.

வெளிநாட்டுக் குழுக்கள் உபகரணம் கொண்டுவருவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தற்காலிக இறக்குமதிக்கான கார்னே ஆவணத்தை நம் சுங்கமும் ஏற்கிறது, முறையாக நிரப்பினால் பெட்டிகள் வெளியே வந்துவிடும்.

சரி, உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன்: அவர்கள் வந்தால் நமக்கு என்ன?

கித்துல்கலைக்குப் போனால் களனி ஆற்றங்கரையில் ஒரு பாலத்தின் அடித்தளக் கட்டுகளைக் காட்டுவார்கள். 1957 இல் வெளிவந்த டேவிட் லீனின் குவாய் நதிப் பாலப் படத்துக்காகக் கட்டி, கமராவுக்கு முன்னாலேயே வெடிவைத்துத் தகர்த்த பாலம். இன்றைக்கும் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிச் சம்பாதிக்கிற ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், அது ஒரு வரவு. ஆனால் நான் சொல்ல வந்த வரவு வேறு. அந்தப் படப்பிடிப்பில் உதவியாளராக வேலை பார்த்தவர்களில் ஒருவர் காமினி பொன்சேகா. பின்னால் சிங்களத் திரையின் மிகப்பெரிய நட்சத்திரமானார், படங்களை இயக்கினார். அதே படப்பிடிப்பில் இளைஞனாகக் கைவேலை செய்தவர் சந்திரன் ரத்தினம். பிற்காலத்தில் வெளிநாட்டுப் படக்குழுக்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவரும் வேலையைப் பெரிய அளவில் செய்தவர். ஒரு படப்பிடிப்பு விட்டுப்போன பாலம் இடிந்துவிட்டது, விட்டுப்போன மனிதர்கள் ஐம்பது வருடம் வேலை செய்தார்கள்.

இது அன்றைக்குத் தற்செயலாக நடந்தது. ஆணையத்தின் வேலை, அதை ஒவ்வொரு படத்திலும் நடக்கவைப்பது. வருகிற குழுவிடம் அது சொல்ல வேண்டும்: சலுகை வேண்டுமா, உன் குழுவில் இத்தனை பயிலுநரை எடு. ஒளிப்பதிவுப் பிரிவில் இருவர், கலைப் பிரிவில் மூவர், கணக்கில் ஒருவர். அவர்களுக்குச் சம்பளம் கொடு, பெயர்ப் பட்டியலில் பெயர் போடு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் நடந்தது இதுதான். குண்டுவெடிப்புக்கும் இரண்டு சமூகங்களைப் பிரிக்கும் மதிற்சுவர்களுக்கும் பெயர்போன ஊர் அது, நமக்குப் புரியாத கதை இல்லை. டைட்டானிக் கப்பல் கட்டிய துறைமுகப் பகுதியில், கப்பல் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்த பெரிய மண்டபத்தைப் படப்பிடிப்புத் தளமாக்கினார்கள். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடர் 2011 முதல் 2019 வரை ஓடியது, அதன் பெரும்பகுதி அந்த ஊரை மையமாக வைத்துத்தான் எடுக்கப்பட்டது. எட்டு சீசன் என்றால், முதல் சீசனில் கேபிள் சுருட்டிய பெடியன் கடைசி சீசனில் ஒரு பிரிவுக்குத் தலைவனாக இருக்கலாம். நோர்தேர்ன் அயர்லண்ட் ஸ்கிரீன் என்ற அங்குள்ள நிறுவனம் பெரிய தொடர்களை வரவழைத்துக்கொண்டே உள்ளூர்க் குறும்படங்களுக்கும் ஐரிஷ் மொழிப் படைப்புகளுக்கும் தனி நிதி வைத்திருக்கிறது. சிறுபான்மை மொழிக்குத் தனி நிதி என்பதைக் கவனியுங்கள். நான் கொழும்புக்குக் கேட்பதும் அதைத்தான்.

இப்போது காசு. ஆணையங்கள் கொடுக்கும் சலுகையைப் பலர் முன்பணம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழு முதலில் விண்ணப்பித்து ஒரு தற்காலிகச் சான்றிதழ் வாங்கும். பிறகு தன் காசில் படம் எடுக்கும். உள்நாட்டில் செலவழித்த ஹோட்டல், வாகனம், உள்ளூர்ச் சம்பளம், மரவேலை, சாப்பாடு ஆகியவற்றுக்கான பற்றுச்சீட்டுகளைக் கணக்காய்வாளர் பார்த்து உறுதிப்படுத்துவார். அதன்பிறகுதான் அந்தச் செலவின் ஒரு பங்கு திரும்ப வரும். உதாரணத்துக்கு, பத்துக் கோடி ரூபா தகுதியான செலவு, 25 வீதச் சலுகை என்றால் இரண்டரைக் கோடி, படம் முடிந்து பல மாதம் கழித்து. நட்சத்திரத்தின் சம்பளம், வெளிநாட்டில் கொடுத்த காசு எல்லாம் பெரும்பாலும் கணக்கில் வராது, அல்லது ஒரு எல்லைக்குள்தான் வரும்.

நம் அயலவர்கள் இதில் வேகமாக ஓடுகிறார்கள். இந்தியா 2022 இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் வைத்து வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கு 30 வீதம், உச்சம் இரண்டு கோடி இந்திய ரூபா என்று அறிவித்தது. அடுத்த வருடமே 40 வீதம், உச்சம் 30 கோடி என்று உயர்த்தியது. மலேசியா 2013 முதல் 30 வீதம் தருகிறது. இந்த ஓட்டப்பந்தயத்தில் வீதத்தை மட்டும் வைத்து நாம் ஜெயிக்க முடியாது, ஜெயிக்கப் பார்க்கவும் கூடாது என்பது என் அபிப்பிராயம். நம்மைவிடப் பணக்கார நாடு நாளைக்கே இன்னும் ஐந்து வீதம் கூட்டிவிடும்.

நம்மிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வேறு காரணத்துக்காக வந்தார்கள். 1983 இல் 'இந்தியானா ஜோன்ஸ்' என்ற ஹொலிவூட் படத்தின் குழு கண்டிக்கு வந்தது, இந்தியாவில் திரைக்கதையை மாற்றச் சொன்னதால். இந்திய-கனடிய இயக்குநர் தீபா மேத்தாவின் 'வோட்டர்' 2000 இல் காசியில் தடைப்பட்டு, பின்னர் இங்கே எடுக்கப்பட்டது. 'பொம்பே வெல்வெட்'டுக்காக 1960களின் பம்பாயையே ஹம்பாந்தோட்டைப் பக்கம் செட்டாகப் போட்டார்கள். ஒரு சிறிய தீவுக்குள் மலை, கடல், காலனித்துவக் கட்டடம், தேயிலை எல்லாம் சில மணி நேரப் பயணத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால் அவர்களைத் திரும்பிப் போகவைப்பது எது என்பதும் தெரிந்த கதைதான். 2011 இல் அதே தீபா மேத்தா, சல்மான் ருஷ்டியின் நாவலான 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்'ஐப் படமாகக் கொழும்பில் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஈரானின் ஆட்சேபத்தால் படப்பிடிப்பு இடைநிறுத்தப்பட்டு, பிறகு ஜனாதிபதியின் தலையீட்டால் தொடர்ந்தது. தொடர்ந்தது நல்லது. ஆனால் ஒரு தயாரிப்பாளர், கொடுத்த அனுமதி நாளைக்கும் செல்லுமா என்று கேட்டால், அதற்கு நாட்டின் உச்சிவரை போய்த்தான் பதில் எடுக்க வேண்டும் என்ற நிலை அவருடைய காப்புறுதிக்காரரைப் பயமுறுத்தும். 40 வீதச் சலுகையைவிட, கொடுத்த கடிதம் கடைசிவரை நிற்கும் என்ற நம்பிக்கை பெறுமதியானது. அதற்குச் செலவும் குறைவு.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்தச் சலுகைத் திட்டங்களில் குறைந்தபட்சச் செலவு என்று ஒன்று இருக்கும். உங்கள் படம் அந்த வாசலைத் தொடாது. ஆகவே உள்ளூர்ப் படங்களுக்கு வேறு பெட்டி வேண்டும்: திரைக்கதை எழுதுகிற ஆறு மாதத்துக்கு ஒரு சிறு கொடுப்பனவு, கமராவும் லைட்டும் குறைந்த வாடகையில், படத்தொகுப்புக்கு ஒரு அறை. வெளியூர்க் குழுக்கள் கட்டும் இடக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தப் பெட்டிக்குள் போடலாம். பெரிய காசு தேவையில்லை, ஒவ்வொரு வருடமும் தவறாமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

கொழும்பில் தமிழர் சினிமாவுக்கு வெளியே நின்று கேட்கிறவர்கள் இல்லை என்பதையும் நினைவூட்டுகிறேன். 1947 இல் முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்த எஸ்.எம். நாயகம் தமிழர், கந்தானையில் ஸ்டூடியோ கட்டியவர். ஹேந்தளையில் விஜயா ஸ்டூடியோவை நடத்திய கே. குணரத்தினமும் தமிழர். 1983 ஜூலையில் அந்த ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது, தமிழரின் சொத்து என்று எரித்ததில் சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சாம்பலாயின. திரும்பக் கிடைக்காதவை அவை. இந்தத் தொழிலின் ஆரம்பக் கூரையைப் போட்டவர்களின் மொழியில், இன்று ஒரு அனுமதிப் படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது. 1988 இன் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் பதில் பெறவும் நமக்கு உரிமை இருக்கிறது. செட்டியார் தெருவில் எங்களுக்குப் போன காலைப்பொழுது, ஒரு தமிழ்ப் பிரதி கூடவே வந்திருந்தால் போயிருக்காது.

குடியிருப்பாளர்களையும் விட முடியாது. வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் இரவு பதினொரு மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டால், அடுத்த வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். நல்ல ஆணையங்கள் படப்பிடிப்புக்குச் சில நாள் முன்னர் ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் போடவைக்கின்றன: எந்த நேரம், எத்தனை வாகனம், யாரை அழைக்கலாம். குப்பை அள்ளாமல் போன குழுவுக்கு அடுத்த முறை அனுமதி இல்லை. ஒரு குழு ஒழுங்கையைப் பாழாக்கிவிட்டுப் போனால் அதற்குப் பிறகு வருகிற ஐந்து குழுவுக்கு அங்கே கதவு திறக்காது. அந்த ஐந்தில் ஒன்று உங்களுடையதாக இருக்கும்.

ஆணையம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், தங்கச்சி. உங்கள் அடுத்த படத்துக்கு இப்போதே இதைச் செய்யுங்கள். இடம் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: நேரம், வெயில், சத்தம், வாகனம், வீதி யாருடையது. விண்ணப்பத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள். உங்கள் பிரதியில் பெறப்பட்ட திகதி முத்திரையைக் குத்தச் சொல்லிக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். தொடங்கும் நேரத்தை இலக்கத்திலும் எழுத்திலும் போடுங்கள். கடிதம் வந்ததும் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் முழுவதையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த நாள் அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நீங்களே போய் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, அன்று காலைக் கடமையில் இருக்கப்போகிறவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செட்டியார் தெருதான் உங்கள் இடம் என்றால் முதல் நாளே எனக்குச் சொல்லுங்கள், ஐந்தரைக்கு நானும் வந்து நிற்கிறேன்.